வெள்ளைப் பின்னணி

பிறந்து தொண்ணூற்றி நாலு நாள்.
பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்க வந்திருக்கிறாள்.

இரண்டு கண்ணும் திறந்திருக்க வேண்டும்
வாய் மூடியிருக்க வேண்டும்
பின்னால் வெள்ளை, நிழல் கூடாது
இன்னொருவர் கை தெரியக் கூடாது
என்கிறது விதி.
கழுத்து நிற்காத பிள்ளையைக்
கை இல்லாமல் எப்படி நிறுத்த என்று
விதியில் எழுதவில்லை.

மேலப்பாளையம் பஜாரில்
பூட்டுக்கடைக்கு மேலே என் ஸ்டுடியோ.
படியேறி வந்த மூச்சோடு கேட்டாள் செய்யதலி பாத்திமா:
"ரெண்டு கண்ணையும் ஒரே நேரத்துல தொறக்கணுமாக்கா?
இவ வாப்பாவே அப்படித் தொறந்து நான் பாத்ததில்ல."

கன்னத்துப் பொட்டை அழிக்கச் சொன்னேன்.
தயங்கினாள்.
துப்பட்டா நுனியை எச்சிலில் தொட்டுத் துடைத்தாள்.
அப்புறம் மைச்சிமிழைத் திறந்து
அதே அளவில் ஒரு பொட்டு
பிள்ளையின் உள்ளங்காலில்.
"காலு விழாதுல்லா?"
"விழாது."

நாற்காலியில் அவளை உட்காரவைத்துத்
தலையோடு போர்த்தினேன் வெள்ளை விரிப்பை.
விரிப்புக்கு மேல், மடியில், நுஹா.
துணிக்கு அடியிலிருந்து இரண்டு கைகள்
பிடரியையும் முதுகையும் தாங்கின.
"மூச்சு முட்டுதுக்கா."
"பேசாதிய. நீங்க இப்பம் சுவரு."
சுவர் சிரித்துக் குலுங்கியதில்
முதல் ஏழு படம் போச்சு.

பெரியவர்களை எடுப்பது லேசு.
எப்படித் தெரிய வேண்டுமென்று
வீட்டிலேயே முடிவுகட்டிக்கொண்டு வருகிறார்கள்.
ஆறு வயசில்கூட அப்படித்தான்:
அடையாள அட்டைக்கு வந்த வண்ணார்பேட்டை தேவசகாயம்
விழுந்த பல்லின் ஓட்டை தெரியாவிட்டால்
அது நானே இல்லை என்று நின்றுவிட்டான்.
இவளுக்குக் காமிரா என்று ஒன்று இல்லை.
லென்சில் வளைந்து தெரியும்
என் ஜன்னலைப் பார்க்கிறாள்.

ஸ்கூட்டர் சாவியைக் குலுக்கினேன்.
பூனையாகக் கூப்பிட்டேன், கிளியாக,
சமாதானபுரம் திருப்பத்தில் வரும் பஸ்ஸாக.
வலது கண் வந்தது. இடது வரவில்லை.
தும்மல்.
நாடி தொங்க ஒரு கொட்டாவி.
இருபத்தி மூன்றாவது படத்தில் கரண்டு போனது.
மின்விசிறி நின்ற மே மாதத்தில்
வீறிட்டாள்.

அப்போதுதான் பார்த்தேன்
சுவர் நனைந்துகொண்டிருந்தது.
இடப்பக்கம் நாலணா அகலம்,
பிறகு உள்ளங்கை அகலம்,
பால்.
அசையச் சொல்லவில்லை நான்.
அதனால் அசையாமல் இருந்தாள்.

"குடுத்துருங்க" என்றேன்.
பிள்ளை விரிப்புக்குள் போனது.
ஒரு கால் மட்டும் வெளியே நின்று
துணியை உதைத்தது, நிறுத்தியது, உதைத்தது.
நான் திரும்பி நின்று
கீழே யாரோ சாவி ராவும் சத்தத்தைக்
கேட்டுக்கொண்டிருந்தேன்.

கரண்டு வந்தது.
வயிறு நிறைந்தவள் வெளியே வந்து
மனுவை வாங்கிவைத்துக்கொண்ட தாசில்தார் மாதிரி
என்னைப் பார்த்தாள்.
இரண்டு கண். மூடிய வாய்.
ஒரே ஒரு படம்.

கணினியில் விரல் மடிப்புகளை அழித்தேன்.
ஈரத்தை அழித்தேன்.
எட்டிப் பார்த்தாள் பாத்திமா.
"யாரும் பிடிக்காம
அவளாவே உக்காந்திருக்கா" என்றாள்.
அது சந்தோஷமா என்று
குரலை வைத்துச் சொல்ல முடியவில்லை.
கொட்டாவிப் படத்தை போனில் ஏற்றித் தரச் சொன்னாள்,
இன்னும் பிள்ளையைத் தூக்கிப் பாராத
தம்மாம்காரருக்கு.
"வாயைப் பாத்துப் பயப்படட்டும்."

அவர்கள் இறங்கிப் போனதும்
விரிப்பை அலசினேன்.
பால் போய்விட்டது.
உதைத்த இடத்தில் மை
ஒரு சின்னக் குதிகாலாகத் தீற்றியிருந்தது.
சோப்புப் போட்டேன், எலுமிச்சை தேய்த்தேன்.
நன்றாக இருந்தது, போகவில்லை.

படியில் செருப்புச் சத்தம்.
இரட்டைப் பிள்ளைகள் என்று
போனில் சொல்லியிருந்தார்கள்.
என்னிடம் இருப்பது ஒரு விரிப்பு.
கறை உள்பக்கம் போகும்படி
திருப்பிப் பிடித்துக்கொண்டு
"வாங்க" என்றேன்.